சட்டைப் பொத்தான்

போலீஸ்காரர்களுக்கான ரிவால்வர் சுடும் போட்டியில் எங்கள் வட்டாரத்தில் எப்போதும் நான்தான் முதல். குளத்தூருக்கு மாற்றலாகி வந்த அந்த சப்-இன்ஸ்பெக்டர், தடித்த கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், முதல் வருஷமே என்னைத் தோற்கடித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

பயிற்சியில் அவர் பெரிய இலக்கு அட்டையைச் சுடவே மாட்டார். மண்மேட்டில் ஒரு சட்டைப் பொத்தானைப் பதித்துச் சுடுவார். வெறுப்பை அடக்கிக்கொண்டு காரணம் கேட்டேன்.

"அட்டையப் பாத்துச் சுட்டா அதுல எங்கயாச்சும் படும். பொத்தானப் பாத்துச் சுட்டா, தப்புனாலும் பக்கத்துலதான் படும். நீங்களும் செஞ்சு பாருங்க" என்றார்.

அவருக்குத் தெரியாமல் வருஷம் முழுக்கப் பொத்தான்களைச் சுட்டேன். அடுத்த போட்டியில் ஜெயித்தேன். முதலில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் அவர்தான்.

"எனக்கு ரொம்ப சந்தோஷங்க" என்றார்.

அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், இல்லை. அப்படித் தோற்க எனக்கு இன்றுவரை வரவில்லை. கோப்பை என்னிடம் இருந்தும் பொறாமை தீரவில்லை.