கொலுவில் ஏறிய கள்ளி

அதில் ஒரு முள் கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடித்த இலைகள் ரோஜாப்பூப் போல அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். தொட்டால் விரலில் விபூதி மாதிரி வெளுப்பு ஒட்டும். உள்ளங்கையில் அடங்குகிற செடி. அம்மா அதைக் கள்ளி என்றுதான் சொல்வாள். இலை தடியாக இருந்தால் கள்ளி, கள்ளி இருக்கிற வீடு காடாகும். அதற்கு மேல் அவளிடம் வாதம் செல்லாது.

கணக்கில் முதலாவதாக வந்ததற்காக அக்காவின் டீச்சர் உதகையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பரிசு அது. அக்கா ஒரு கொட்டாங்கச்சியின் கண்ணைத் துளைத்து, மணலும் செங்கல் தூளும் நிரப்பி, அதில் நட்டாள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஓர் உத்தரணித் தண்ணீர். அதற்கு மேல் ஒரு சொட்டு விட்டால் கையை ஒடிப்பேன் என்று எனக்கு உத்தரவு. எனக்கு அப்போது எட்டு வயது. அக்கா கையை ஒடிக்கக்கூடியவள்தான்.

பதினாலு வயது முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் ஜெயில் என்று சட்டம் வந்திருந்த காலம். அப்பா சட்டத்துக்கு அடங்கியவர். அக்காவுக்கு ஆவணியில் பதினாலு முடிந்தது. புரட்டாசியில் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். மந்தைவெளியில் ஓர் இடம் பார்த்தாயிற்று. பையனின் அம்மா கொலு பார்க்கிற சாக்கில் பெண்ணைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அக்கா அழவில்லை. "நான் படிக்கணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் யாரோடும் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஊரெல்லாம் சத்தியாக்கிரகம் நடக்கும்போது வீட்டுக்கு ஒன்றாவது வேண்டாமா?

கொலு வைத்த அன்று அம்மா ஆரத்தி கரைக்க உள்ளே போனாள். அந்த நேரத்தில் அக்கா, படியில் விரித்த வேட்டி கறைபடாமலிருக்கக் கொட்டாங்கச்சியை ஒரு வெண்கலக் கிண்ணத்துக்குள் இறக்கி, ஐந்தாம் படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். படியேறிய எதையும் விஜயதசமி வரை அசைக்கக் கூடாது.

"கொலுவுலயாடி கள்ளியைக் கொண்டுவந்து வெப்பே? எடு அதை" என்றாள் அம்மா.

அக்கா அசையவில்லை. கள்ளியை அசைக்க அம்மாவுக்கும் துணிச்சல் இல்லை. ஆரத்தித் தட்டோடு நின்றவள், கடைசியில் கள்ளிக்கும் சேர்த்தே சுற்றினாள்.

படிகளுக்குக் கீழே தோட்டம் என் இலாகா. கண்ணாடிக் குளத்தைச் சுற்றிக் கேழ்வரகு விதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பேன். கேழ்வரகு நாளுக்கு நாள் பச்சென்று எழுந்தது. மேலே கள்ளி மட்டும் தாகத்தோடு உட்கார்ந்திருந்தது. அக்காதான் பேசுவதில்லையே, ஆகவே அவள் போட்ட தடையும் இப்போது இல்லை என்று முடிவு செய்து, அதற்கும் வேளை தவறாமல் விட்டேன். கிண்ணம் நிறைய நிறைய எனக்குப் புண்ணியம் சேர்வதாகவே நினைப்பு.

சரஸ்வதி பூஜையன்று காலையில் ஓர் இலையைத் தொட்டேன். வெந்த கத்தரிக்காய் போலக் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. மேல் படியிலிருந்து வரிசையாக எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டு, அவசரத்தில் செட்டியாரையும் கும்பிட்டேன். அப்புறம் பட்டம் ஒட்டுகிற சோற்றுப் பசையை எடுத்துவந்து இலைகளைத் திரும்ப ஒட்டினேன்.

சாயங்காலம் மந்தைவெளி மாமி வந்தாள். நான் ஐந்தாம் படியை மறைத்துக்கொண்டு துவாரபாலகர் மாதிரி நின்றேன்.

"ஏண்டா கொழந்தே, அங்க என்ன காவல்? நகரு, பாக்கறேன்."

"வேண்டாம் மாமி. செட்டியாருக்கு உடம்பு சரியில்லை."

மாமி சிரித்துக்கொண்டே என் தலைக்கு மேல் கையை நீட்டி, அழகாயிருக்கே என்று கள்ளியைத் தொட்டாள். பூவடுக்கு மொத்தமும் அவள் கையோடு கழன்று வந்து, அழுகல் தண்ணீர் அரக்குப் பட்டில் வழிந்தது. மிச்ச இலைகள் ஜமக்காளத்தில் சிதறின.

இத்தனை நாளுக்குப் பிறகு அக்கா வாயைத் திறந்தாள். "யார்டா தண்ணி விட்டது?"

நான் செட்டியாரைக் காட்டினேன்.

"போனாப் போறது" என்று மாமி புடவையைத் துடைத்துக்கொண்டாள். "எங்காத்துக்கு வந்தப்புறம் கள்ளி என்னத்துக்கு? துளசிக்குத் தண்ணி விட்டுண்டு இருக்கட்டும்."

"நான் வரலை மாமி" என்றாள் அக்கா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நான் படிக்கப் போறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, அழுகாத இலைகளாகப் பார்த்துப் பொறுக்கித் தாவணியில் போட்டுக்கொண்டாள். மாமி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையை ஓங்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து வந்தார். அக்கா நகரவில்லை. அவர் அவளைத் தாண்டி வந்து என் முதுகில் ஒன்று வைத்தார்.

"தடியன், தண்ணியை விட்டே எல்லாத்தையும் கெடுத்துட்டான்."

மாமி குங்குமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சுண்டலைத் தொடாமல் போய்விட்டாள். அக்கா அந்த இலைகளை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் காய்ந்த மணலில் பரப்பிவைத்தாள். அதிலிருந்தே வேர் வரும், குட்டி வரும், நீ மட்டும் அந்தப் பக்கம் வராதே என்றாள்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, அப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார் அக்காவிடம். நானும் ஒட்டிக்கொண்டேன். குளக்கரையில் எதிர்வீட்டு மாமா மறித்தார்.

"என்ன ஓய், மந்தைவெளி எடம் தட்டிப் போயிடுத்தாமே? பொண்ணு ஏதோ எதுத்துப் பேசினாளாமே?"

"பொண்ணா? அவ வாயே திறக்கலை ஓய். இவன்தான் கொலுவுல தண்ணியைக் கொட்டி அந்தம்மா பட்டுப்புடவையைப் பாழாக்கினான். அபசகுனம்னு போயிட்டா."

"பொய் மாமா, அக்காதான்—"

அப்பாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. அக்கா குனிந்து, "சும்மா இருடா" என்றாள். அவள் கண் ஏன் கலங்கியிருந்தது என்று பார்க்க எனக்குப் பொறுமையில்லை. வடக்கு மாட வீதியில் ஒருவரிடம், தெற்கு மாட வீதியில் இருவரிடம், அப்பா அதே பொய்யைச் சொல்லிக்கொண்டே நடந்தார். மயிலாப்பூரிலேயே இப்படி ஒரு புளுகர் கிடையாது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதனால் அவருக்கு என்ன லாபம் என்றும் விளங்கவில்லை.

அக்கா பள்ளிக்கூடத்துக்குள் போனதும் வாசல் கடையில் எனக்கு ஒரு பொட்டலம் பெப்பர்மிண்டு வாங்கிக் கொடுத்தார். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். மன்னிக்காமலே தின்றேன்.