வலது கைச் சுண்டுவிரல்

என் வீட்டுக்காரர் நான் சொன்னதற்கெல்லாம் "ஆமா" என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்குக் கவலை பிடித்தது. அதுவரை பியானோ விஷயத்தில் அவர் என்னோடு ஒத்துப்போனதே கிடையாது. நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு. சொன்னதைக் கேட்கிற புருஷன் கிடைத்தால் கொடுத்து வைத்தவள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மனுஷனுக்கு நான் அலுத்துப் போய்விட்டேன், பேருக்குத் தலையாட்டுகிறார் என்றுதான் பட்டது. சண்டை போடக்கூட ஆசை விட்டுப்போனால் அப்புறம் எங்களுக்குள் என்ன மிச்சம் என்று பயந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்களுக்குப் பியானோ பழக்கமானது ஏசியால். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை, அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஜூன் மாதம் கூலருக்குத் தண்ணீர் ஊற்றியே கை ஓய்ந்துவிடும். சாணக்யபுரியில் தூதரகக்காரர்கள் நடத்தும் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, உள்ளே ஜில்லென்று இருக்கும், முடிந்ததும் காபியும் பிஸ்கட்டும் உண்டு என்று அலுவலகத்தில் ஒருத்தி சொன்னாள். போனோம்.

நான் திருச்சியில் பாட்டு கற்றுக்கொண்டவள். தாளம் போடாமல் எனக்கு உட்காரத் தெரியாது. அன்றைக்கு வாசித்தவர் ஓரிடத்தில் இழுத்தார், அடுத்த இடத்தில் ஓடினார். தொடையில் விழ வேண்டிய என் கை அந்தரத்தில் நின்றது.

"தாளமே நிக்கலையே! இவரைப் போய்ப் பெரிய வித்வான்ங்கறாங்க" என்று காதைக் கடித்தேன்.

"அவன் தாளத்த விடல, மூச்சு விடுதான்" என்றார் இவர். திருநெல்வேலிக்காரர். முப்பது வருஷம் தில்லியில் இருந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. "வாசிக்கது மனுசன்லா? மிஷினா?"

அன்றைக்குப் பிடித்தது சனி. திரும்பும்போது பஸ்ஸிலும் அதே பேச்சுதான். குரல் ஏறிப் போயிருக்கும்போல. முன் சீட்டிலிருந்த சர்தார்னி அம்மாள் திரும்பி இவரைப் பார்த்து, "பாய் சாப், கர் ஜாகே லட் லேனா" என்றாள். சண்டையை வீட்டில் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று. இவர் பதறிப்போய், இது குடும்பச் சண்டை இல்லை, ஒருத்தருடைய விரலைப் பற்றிய சண்டை என்று தன் இந்தியில் விளக்கினார். அந்த அம்மாள் இன்னும் கவலையாகி என் விரல்களைப் பார்த்தாள்.

அப்புறம் எங்களுக்கு இதுவே வேலையாகிவிட்டது. எந்தப் பெரிய வித்வான் வந்தாலும் ஆஜர். வராதவர்களைக் கேசட்டில் பிடித்தோம். ஆனால் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன், மேடையில் வாசித்ததுதான் கணக்கு. ஸ்டூடியோவில் தப்பு வந்தால் வெட்டி ஒட்டிவிடலாம். மேடையில் விழுந்தால் விழுந்ததுதான். இருமலும் செருமலும் கேட்கிற கேசட்டாகத் தேடித் தேடி வாங்கினோம்.

எங்கள் சண்டைக்கெல்லாம் தலைநகரம் ஒரே ஒரு உருப்படி. பழைய காலத்து ஹங்கேரிக்காரர் ஒருவர் எழுதியது. அதில் வலது கைக் கட்டைவிரல் நடுவில் ஒரு கட்டையைத் தொடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் சுண்டுவிரல் ரெண்டு ஸ்தாயி தாண்டிப் போய் மேலே ஒரு கறுப்புக் கட்டையைத் தட்டிவிட்டு, அதே வேகத்தில் திரும்ப வேண்டும். தட்டினால் சின்ன மணி அடிப்பதுபோல் கேட்கும். ஒரு தடவை இல்லை, மூச்சுவிடாமல் திரும்பத் திரும்ப. அந்தக் கறுப்புக் கட்டைக்கு விரல் அகலம்கூடக் கிடையாது. இம்மி பிசகினால் பக்கத்துச் சுரம் விழுந்து மானம் போகும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் தாவல். எவ்வளவு தூரம் என்று காட்டுவதற்காக இவர் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில் தாவிக் காட்டுவார். பாட்டில்தான் உருளும். எங்கள் பெண் தலையில் அடித்துக்கொண்டு, "அப்பா, பஸ் கரோ! பாகல் ஆயிட்டீங்க ரெண்டு பேரும்" என்பாள். போதும் நிறுத்துங்கள், பைத்தியம் பிடித்துவிட்டது என்று.

அந்தத் தாவலை மூன்று பேர் மேடையில் வாசித்த கேசட்டுகள் எங்களிடம் இருந்தன. ஒருவர் கிழவர். அவசரமே படமாட்டார், ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு கனம் கொடுப்பார், ஓரிடத்தில் தப்பாகவும் தட்டியிருந்தார். அந்தத் தப்புக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். துணிந்து தாவினவருக்குத்தானே விழுகிற வாய்ப்பு உண்டு! இன்னொருவருக்குக் கோபக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம். பயங்கர வேகம், ஒரு சுரம் பிசகாது. இவருக்கு அவர்தான் தெய்வம். "டெலிபோன் மணி மாதிரி அடிக்கறார், யார் எடுக்கறது?" என்று நான் கேட்டால் அன்றைக்கு மத்தியானம்வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். மூன்றாவது ஓர் அம்மாள். மணியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நூலிழை தாமதிப்பாள். நான் அதைத் தயக்கம் என்றேன்.

"தயக்கம் இல்லளா. தாவதுக்கு முன்னால எட்டிப் பாக்கா" என்றார் இவர்.

அதற்கப்புறம் எனக்கு அது தயக்கமாகக் கேட்கவே இல்லை. அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்ததும் பந்தயம். இவர் ஏதாவது ஒரு கேசட்டைப் போடுவார், நான் அடுக்களையிலிருந்தே யாரென்று சொல்ல வேண்டும். முதல் மணி விழும்போதே சொல்லிவிடுவேன். "ஒனக்குக் காதா, பாம்புச் செவியா?" என்பார். என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்கு அடியில் பயமும் உண்டு. என் அம்மாவுக்கு ஐம்பது தொடுவதற்குள் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் அவளிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள், அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். எல்லோரும் சிரித்தால் என்னவென்று தெரியாமல் அவளும் சிரிப்பாள். "எனக்கு அந்தக் கதி வர்றதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடணும்" என்று இவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் போயிருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னப் பையன் வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, தாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெளியே வந்ததும் நான் தீர்ப்புச் சொன்னேன். "பையன் ஏமாத்தறான்ங்க. மேல கை போறது, மணியே விழலை. பாதியை முழுங்கிட்டான்."

சண்டைக்குத் தயாராக இடுப்பில் முந்தானையைச் செருகினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஆமா" என்றார்.

அவ்வளவுதான். பஸ்ஸில் மழையைப் பற்றிப் பேசினார்.

அதிலிருந்து எதற்கெடுத்தாலும் ஆமா. கேசட்டுகள் தேய்ந்துவிட்டன, மணி மங்கிப்போச்சு என்றேன். ஆமா. சிடி வாங்கினோம், சிடியில் உயிரே இல்லை என்றேன். ஆமா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சுண்டுவிரலில் பலமே இல்லை என்றேன், அதற்கும் ஆமா. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை, பேப்பர் திருத்த வேண்டும் என்று சொல்லி மெல்ல நிறுத்திவிட்டார். காலையில் ஜன்னலில் நின்று, "இந்தச் சிட்டுக்குருவியெல்லாம் எங்கதான் போச்சோ, ஒரு சத்தம் காணோம்" என்றால், "ஆமா, தில்லி முழுக்க அப்படித்தான் சொல்லுதாவ" என்பார். அது என்னவோ நிஜம், ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. குக்கர் வைத்தால் நான் எழுந்திருப்பதற்கு முன்னால் அவரே போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுக்களைப் பக்கம் வராத மனுஷன்! பக்கத்து வீட்டுக்காரிகள் பொறாமைப்பட்டார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் எரிந்தது. நல்லவராக இருக்கிறார், ஆனால் என்னோடு இல்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்க கோபக்காரருக்கு வாசிக்கவே தெரியாது. சுத்த மோசம்" என்று வேண்டுமென்றே சீண்டினேன். அவருடைய தெய்வத்தைச் சொல்கிறேன்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இருக்கலாம்" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த வருஷம் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை, சாணக்யபுரியில் கச்சேரி. வாசித்தது எங்கள் கேசட் மூவரில் ஒருவர் இல்லை, ஆனால் பெரிய பெயர். வயதான அம்மாள், வெள்ளைக் கொண்டை. சீக்கிரம் போனதால் முன் வரிசையில் இடது பக்கம் இடம் கிடைத்தது. பியானோவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் கை தெரியும். எல்லாம் முடிந்து கைதட்டல் ஓயாமல் போகவே, அந்த அம்மாள் மறுபடியும் உட்கார்ந்து தாவலை எடுத்தாள்.

நான் கண்ணை எடுக்கவில்லை. கட்டைவிரல் தொட்டது. கை பறந்தது. சுண்டுவிரல் மேலே அந்தக் கறுப்புக் கட்டையை நட்ட நடுவில் தட்டியது. கட்டை அமுங்கியதைப் பார்த்தேன். மணி விழவில்லை. கதவை யாரோ விரல் முட்டியால் தட்டினாற்போல ஒரு டொக், அவ்வளவுதான். மறுபடி பறந்தது, மறுபடி டொக். இந்த அம்மாள் எதையும் முழுங்கவில்லை. ஏமாற்றவில்லை. என் கண்ணெதிரே ஒவ்வொரு தடவையும் சரியாகத் தட்டுகிறாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மணிக்கு மணி தலையை அசைத்துச் சிரிக்கிறார். ஐயோ, அம்மா, எனக்கு வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

திரும்பினேன். இவர் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்கு எப்போதோ தெரியும் என்று புரிந்துவிட்டது.

காபிக்கு நிற்காமல் வெளியே வந்தோம். சாணக்யபுரியில் ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் ஈ காக்கை இருக்காது. பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். நான்தான் ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு மணி கேட்டுதா?"

"கேட்டுது."

"எல்லாமா?"

"எல்லாம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அந்தச் சின்னப் பய வாசிச்சான்லா, அன்னைக்கே" என்றார். "அவன் ஒண்ணயும் முழுங்கல. அத்தன மணியும் கணீர்னு விழுந்துச்சு. மொதல்ல நீ வம்புக்குச் சொல்லுதன்னு நெனச்சேன். ஒன் மூஞ்சியப் பாத்தேன், வம்பு மூஞ்சி இல்ல. அப்புறம் குக்கர் சத்தம் போட்டாலும் நீ பாட்டுக்கு உக்காந்திருந்த."

"அப்ப எதுக்கு ஆமா ஆமான்னு தலையாட்டினீங்க?"

"இல்லன்னு சொன்னா, ஏன் இல்லன்னு சொல்லணும்லா? அதச் சொல்ல எனக்கு வாய் வரல." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நீ அத்தையப் பத்திச் சொல்லுதப்பல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்கும்."

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நான் உங்களுக்குச் சலிச்சுப் போயிட்டேன்னு நினைச்சேன்."

"கூறு இருக்கா ஒனக்கு?" என்று கத்தினார். "சலிச்சா போயிட்ட? இத்தன நாளா வாய மூடிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்!"

நான் அழுதேன். நடு ரோட்டில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன். அவர் கைக்குட்டையைக் கொடுத்தார். காது டாக்டர் ஒருவரை விசாரித்து வைத்திருப்பதாகவும், நாளைக்கே போகலாம் என்றும், இப்போது மெஷினெல்லாம் நன்றாக வந்துவிட்டது என்றும் சொன்னார். நான் மூக்கைச் சிந்தினேன். ஒன்று மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மேல் ஸ்தாயிதானே எனக்குப் போயிற்று, கீழே இருப்பது நன்றாகத்தானே கேட்டது.

"இருந்தாலும் சொல்றேன்" என்றேன். "அந்தம்மாவுக்கு இடது கை ரொம்பக் கனம். தாவலுக்கு அடியில அவ்வளவு அழுத்தக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமா" என்று சொல்ல வாய் குவிந்ததைப் பார்த்தேன்.

"என் மேல பரிதாபப்பட்டு ஆமான்னு சொன்னீங்க, நான் இப்படியே தனியா நடந்து வீட்டுக்குப் போயிடுவேன்."

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பு" என்றார். "நீ சொல்லுதது சுத்தத் தப்பு. அடியில கை அழுத்தலன்னா மேல மணி எதும்மேல நிக்கும்? அந்தரத்துலயா? ஒன் கிழவன் தூங்கித் தூங்கி வாசிச்சதக் கேட்டுக் கேட்டு ஒனக்கு ருசி கெட்டுப் போச்சு!"

"என் கிழவரைச் சொன்னீங்கன்னா தெரியும்" என்றேன்.

அவர் விடவில்லை. எதிர்ப்பக்கத் தூதரக வாசலில் நின்ற காவலாளி எட்டிப் பார்க்கும்படி கையை வீசி வீசிச் சத்தம் போட்டார். நானும் விடவில்லை. பஸ் வந்து நின்று, எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அவர் திட்டியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.