வரிசையின் கடைசியில் நடந்தவர்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கிறோம்.

அக்கா பிறந்தது இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். நீலகிரியில் நெல்லியாளம் பக்கத்துத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் வளர்ந்தார். அங்கிருந்தே படித்து, அங்குள்ள அரசுப் பள்ளியில் ஆசிரியையானார்.

தேயிலை விலை விழுந்த ஆண்டுகளில் தொழிற்சாலை முதலில் அரை நாள் ஓடியது, பிறகு நின்றது. வேலை இல்லை, லயத்தை விட்டுப் போனால் கூரையும் இல்லை. ஏழாம் வகுப்பு யோகேஸ்வரி பேசுவதையே நிறுத்தியிருந்தாள். (பெயரை எழுத அவர் சம்மதித்திருக்கிறார்.) படிப்பு ஏறவில்லை என்று, மலைக்குக் கீழே நூல் மில் ஒன்றுக்கு அவளை வேலைக்கு அனுப்ப வீட்டில் பேச்சு நடந்தது.

அப்போதுதான் ஊட்டியில் மாணவர் மனநலம் குறித்த ஆசிரியர் பயிற்சிக்கு அக்கா அனுப்பப்பட்டார். கலங்கியிருக்கும் பிள்ளையைத் தனியே அழைத்து, எதிரே அமர்த்தி, பொறுமையாகக் கேளுங்கள் என்று சொல்லித் தந்தார்கள். அக்கா அப்படியே செய்தார். யோகேஸ்வரியைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். அவள் வாய் திறக்கவில்லை.

லயத்தில் பகலில் கதவு சாத்தினால் நோய் அல்லது மானக்கேடு என்று பொருள். மறுநாள் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார்.

"கதவச் சாத்திக் கேக்குற அளவுக்கு எம் புள்ள என்னா செஞ்சிருச்சு டீச்சர்? லயமே கேக்குது. இனி அவ வரமாட்டா."

லயத்தில் வளர்ந்த அக்காவுக்கு இது தெரியாததல்ல. பயிற்சி தந்த உற்சாகத்தில் மறந்துவிட்டார்.

யானை நடமாட்டம் இருந்ததால் பிள்ளைகள் ஒற்றையடிப் பாதையில் வரிசையாகத்தான் பள்ளிக்கு வருவார்கள். பின்னால் பெரியவர் ஒருவர் வர வேண்டும். அந்த வேலையை அக்கா ஏற்றுக்கொண்டார். தனக்கு முன்னால் நடக்க மட்டும் யோகேஸ்வரியை அனுப்பும்படி அந்த அம்மாவிடம் கேட்டார். எல்லோர் கண்ணெதிரிலும் நடப்பதில் அந்த அம்மாவுக்கு மறுப்பில்லை. வழியில் அக்கா எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள், திரும்பிப் பார்க்காமலே அவள் சொன்னாள்:

"அப்பா தூங்குறதே இல்ல டீச்சர். நான் தூங்கிட்டா ஏதாச்சும் செஞ்சுக்குவாரோன்னு முழிச்சே இருக்கேன்."

"இனிமே நீ மட்டும் முழிச்சிருக்க வேணாம்" என்றார் அக்கா.

அந்தத் தந்தையைக் கூடலூர் மருத்துவமனைக்கு அக்காவே அழைத்துப் போனார். அவர் தேறினார். மகள் மில்லுக்குப் போகவில்லை. பின்னர் ஊட்டிப் பயிற்சிகளில் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர அக்காவையே அழைத்தார்கள்.

அந்தப் பாதையில் இன்னும் பல பிள்ளைகள் அவரிடம் மனம் திறந்தார்கள். ஆனால் அவர்கள் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டில் மெதுவாகப் பேசினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அக்கா பள்ளியிலிருந்து வந்து அடுப்படியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கோவைக்கு மாறுதல் கிடைத்தபோதும் போகவில்லை. தியாகம் என்று பலர் பாராட்டினார்கள். தம்பியான என்னிடம் அவர் சொன்னது வேறு: "போகணும்னுதான் இருக்கு. எப்புடிடா போறது?"

கடைசி மாதங்களில் நோய் அவரைப் பெரும்பாலும் வீட்டோடு முடக்கியது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பாயோடு தூக்கி ஜீப்பில் ஏற்றிய லயத்து மக்களுக்கும் எங்கள் நன்றி. யோகேஸ்வரி இன்று கோவையில் ஆசிரியை. விடுப்பெடுத்து வந்து, நடக்க முடிந்த நாட்களில் அக்காவை அந்தப் பாதைக்கு அழைத்துப் போனார். அக்கா முன்னால், அவர் பின்னால்.

அங்கே அக்கா பேசினார். என்ன பேசினார் என்று யோகேஸ்வரி எங்களிடம் சொல்லவில்லை. அதற்கும் அவருக்கு நன்றி.