பதினெட்டு இறாத்தல்

என் தம்பி கனடாவில் மான் சுடுகிறான். ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஏழு வயதில் எங்கள் கொய்யாமரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் குழறி, அப்பா ஏணி வைத்து இறக்கின ஆள் அவன். இப்போது குளிர் தொடங்குகிற நேரத்தில் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய், இருபதடி உயரத்தில் மரத்தோடு ஒட்டிக்கொண்டு மானுக்குக் காத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மச்ச மாமிசம் தின்னமாட்டான். வெள்ளிக்கிழமை மான் சுடலாமோ என்று கேட்டேன். சுடுகிறது வேறு, தின்கிறது வேறு என்றான். பெரிய சமயவாதி.

அவன் கையாலும் காலாலும் மரம் ஏறுவதில்லை. அதற்கென்று ஒரு சாமான் இருக்கிறது. இரண்டு சட்டங்கள். மேல் சட்டத்தில் மெத்தை வைத்த இருக்கை, கீழ்ச் சட்டத்தில் கால் வைக்கிற தட்டு. இரண்டிலும் கம்பிவடம் இருக்கும், அதை மரத்தைச் சுற்றி மாட்டவேண்டும். இருக்கையில் இருந்துகொண்டு காலால் கீழ்ச் சட்டத்தை மேலே இழுப்பது, பிறகு எழும்பி நின்று கையால் மேல் சட்டத்தை உயர்த்துவது. இப்படியே புழு அரக்குகிற மாதிரி அரக்கி அரக்கி ஏறிவிடலாம். ஏறினபின் அதிலேயே நாலு மணித்தியாலம் சாய்ந்திருக்கலாம்.

அதைத் தெரிவு செய்ய அவன் இரண்டு மாதம் எடுத்தான். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் எனக்கு அதே கதைதான். இருக்கை அகலமோ, வடம் தடிப்போ, சத்தம் போடுமோ என்று ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சரான என்னிடம் கேட்டான். கடைசியில் அலுமினியத்தில் பதினெட்டு இறாத்தலில், அதாவது எட்டுக் கிலோவில், ஒன்றை எடுத்தான். எடைதான் முக்கியம் என்று எனக்குப் படிப்பித்தவன் அவன்தான்.

"காட்டுக்குள்ளை அரை மைல் முதுகிலை காவவேணும் அக்கா. பிறகு அதைத்தானே தூக்கித் தூக்கி ஏறுறது. முப்பது இறாத்தல் எண்டால் முள்ளந்தண்டு முறிஞ்சுபோம்."

இந்த வசனத்தை நான் மறக்கவில்லை.

எங்கள் ஊர் சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். எங்கள் வீட்டு வளவில் பதினொரு தென்னை நிற்கிறது. முப்பது வருடமாக ஒருவர்தான் வந்து தேங்காய் பிடுங்குகிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். காலில் தளைநார் மாட்டிக்கொண்டு அவர் ஏறுகிற வேகத்துக்கு, நான் நிமிர்ந்து பார்க்குமுன் முதல் குலை கீழே விழும். ஊரில் இருபது வளவு அவருடைய பொறுப்பு. அதில்தான் அவருடைய வீட்டில் உலை வைப்பது.

அம்மா இருந்த காலத்தில் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவென்று ஒரு தகரப் பேணி தனியாகக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்திருக்கும். அம்மா கண்ணை மூடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அந்தப் பேணியைத் தூக்கிக் குப்பையில் எறிந்தேன். நாங்கள் குடிக்கிற கோப்பையில் அவருக்கும் ஊற்றினேன். அம்மா நீ என்று கூப்பிட்டவரை நான் நீங்கள் என்றேன். இனசனம் முகத்தைச் சுளித்தது. சுளிக்கட்டும் என்றேன். இந்தப் பேணிக் கதையை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போன வருடம் சித்திரையோடு அவருடைய இடுப்பு வேலையைக் காட்டத் தொடங்கியது. இடுப்பெலும்பு தேய்ந்துபோய்விட்டது, காலை மடக்கி உந்தி மரம் ஏறக்கூடாது என்று ஆசுப்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கடையில் விற்கிற, நின்றபடி மிதித்து ஏறுகிற மெசினையும் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தார். பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கியது, முடியவில்லை. இருந்தபடி ஏற ஒரு வழி இருந்தால் ஏறலாம் ரீச்சர் என்று பகிடியாகச் சொன்னார். எனக்கு உடனே தம்பியின் மான் சாமான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கே தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்யக் கீரிமலைக்கு வர இருந்தான். உன்னுடையது மாதிரியே பாரமில்லாத ஒன்று கொண்டுவா, அவருக்கு இடுப்பு ஏலாது, கையால் தூக்கித்தான் ஏறவேண்டும், ஆகவே பதினெட்டுக்கு மேல் போகக்கூடாது என்று விளங்கப்படுத்தினேன். மறக்காமலிருக்க எழுதியும் அனுப்பினேன். ஓம் அக்கா, ஓம் அக்கா என்றான்.

வந்தான். பெட்டியை விறாந்தையில் வைத்தான். நான் ஒரு கையால் தூக்கினேன், அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன், எனக்கு மூச்சு முட்டியது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. இரும்பு. முப்பத்தொரு இறாத்தல்.

என்னடா இது என்று கேட்டேன். மலிவு விற்பனையில் போட்டிருந்தது, நல்ல உறுதியான சாமான் என்றான். நான் எழுதின எடையை வாசிக்கவில்லையா என்று கேட்டேன். வாசித்தானாம்.

"அது நாங்கள் பாவிக்கிறதுக்கு அக்கா. உவங்களுக்கு உது காணும். உவங்கள் பழகின ஆக்கள்தானே."

அவன் அதைக் குரல் உயர்த்திச் சொல்லவில்லை. ஏதோ நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி, சர்வசாதாரணமாகச் சொன்னான். முப்பது வருடம் பனியில் கிடந்தவன், அங்கே தன்னை ஒருவன் ஒரு சொல் தவறாகச் சொல்லிவிட்டால் பக்கம் பக்கமாக முறைப்பாடு எழுதுகிறவன், இந்த 'உவங்கள்' என்ற சொல்லை மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறான். தன் முள்ளந்தண்டு முறியும், மற்றவனுடைய இடுப்பு முறியாதாம். அவனுடைய முதுகு எலும்பென்றால், இவருடையது மட்டும் என்ன கொங்கிறீற்றோ?

அடுத்த நாள் காலை அவர் வந்தார். நான் வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன். கனடாவிலிருந்து காவிவந்ததை ஒருதரம் பாராமல் விடுவது மரியாதை இல்லை என்றார். அந்த இரும்பை மரத்தில் மாட்டினார். ஒருதரம் உயர்த்தினார், இரண்டாம் தரம் உயர்த்தினார். மூன்றாம் தரம் மேல் சட்டத்தை உயர்த்தும்போது முகம் வெளிறிப்போனது. மெல்ல இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, நல்ல சாமான், எனக்குத்தான் ஏலாமல் போச்சு என்றார். தம்பி விறாந்தைக் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டிருந்தபடி, கொஞ்ச நாள் பழகினால் சரிவரும் என்றான்.

அதோடு எனக்குப் பத்திக்கொண்டது. எழும்பு, நீ ஏறிக் காட்டு என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மான் சுடுகிற பெரிய வேட்டைக்காரன், ஒரு தென்னையில் ஏறிக் காட்டு, உன் இடுப்பில் ஒரு பழுதும் இல்லையே என்றேன். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தொடங்கினதும் அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. ஏறினான். ஆறடியில் மூச்சு வாங்கியது. எட்டடியில் தென்னை ஒடுங்க, வடம் தளர்ந்து கால்தட்டு கீழே சரிந்தது. கனடாவில் மரம் நேராக நிற்கும் என்று அங்கிருந்தபடியே விளக்கம் சொல்லத் தொடங்கினான். ஐம்பத்தைந்து வயது ஆள், கொய்யாமரத்தில் நின்ற அதே முகத்தோடு தொங்கினான். இந்த முறை ஏணி வைத்து இறக்கியது அப்பா இல்லை. அந்த இடுப்போடு ஏணியைத் தூக்கிவந்து வைத்து, கால் எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லி இறக்கினது அவர்தான்.

அன்று மத்தியானம் விறாந்தையில் எனக்கும் தம்பிக்கும் நடந்த சண்டை ஒழுங்கையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவன் ஒரு கதிரையில், நான் எதிரே ஒரு கதிரையில். அவர் முற்றத்தில் நின்றார். விடுங்கோ ரீச்சர், தம்பி ஆசையாய்க் கொண்டுவந்தது என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். நீங்கள் பேசாமல் இருங்கோ என்று அவரையும் அதட்டினேன். கடைசியாகத் தம்பிக்கு ஒரே ஒரு சொல் சொன்னேன்.

"உன்ரை பதினெட்டு இறாத்தலை அனுப்பு. இந்த இரும்பைக் கொண்டுபோய் நீ மான் பார். அதுவரைக்கும் என்னோடை கதையாதை."

இரும்பைக் கொண்டுபோனான். விமான நிலையத்துக்குப் போகும்போதும் மூஞ்சியை நீட்டிக்கொண்டுதான் போனான்.

பிறகு ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. அதற்கிடையில் இவருடைய இருபது வளவில் பன்னிரண்டு வேறு ஆட்களிடம் போய்விட்டது. மருதனார்மடம் சந்தையில் மூட்டை இறக்கப் போனார், இரண்டு நாளில் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். மகளின் வீட்டோடு போய் இருக்கலாமோ என்று யோசிப்பதாக அவருடைய மனைவி எனக்குச் சொன்னாள். எங்கள் மரங்களில் வேறு ஆளை ஏறவிட நான் சம்மதிக்கவில்லை. தேங்காய் தானாக விழுந்தது. விழட்டும் என்று விட்டேன்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னே, தம்பியின் சிநேகிதர் ஒருவர் வாகனத்தில் வந்து ஒரு நீளப் பையைத் தந்துவிட்டுப் போனார். தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் தூக்க முடிந்தது. தம்பியினுடையதேதான். இருக்கையின் ஓரத்தில் காட்டுச் சேறு காய்ந்திருந்தது. எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது, அதைவிட, வென்றுவிட்டேன் என்ற கெப்பரும் பெருமையும் கூட. அந்த உசாரோடு அவருக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தார். சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தைக் கடிக்கிற கூரான பற்களைத் தடவி, இது தென்னையில் காயம் போடும், காயத்தில் செவ்வண்டு முட்டையிடும் என்றார். பழைய சைக்கிள் ரியூப் ஒன்று கேட்டு வாங்கி, பல்லுக்கு மேல் இறுக்கிச் சுற்றினார். தென்னை அடியில் தடிப்பு, மேலே போகப் போக ஒடுக்கம் என்பதால், கால்தட்டின் வெளி ஓரம் மேலே நிமிர்ந்திருக்கும்படி வடத்தை மாட்டினார். மேலே போனதும் அது தானாக மட்டத்துக்கு வந்துவிடுமாம். இரண்டு மாதம் படித்துத் தெரிவு செய்தவனுக்குத் தெரியாத விசயம், இவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. இடுப்பில் பட்டியைக் கட்டி மரத்தோடு பூட்டினார். ஏறத் தொடங்கினார்.

இருந்தார், இழுத்தார், எழும்பினார், உயர்த்தினார். முகம் வெளிறவில்லை. பன்னிரண்டடி போனதும் நின்று, சாமான் பாரம் தாங்குகிறதா என்று பார்க்க இருக்கையில் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்திருந்தார். இரண்டு கையையும் இரண்டு பக்கச் சட்டத்திலும் வைத்திருந்தார். நான் கீழே நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். என் கெட்டித்தனத்தை அவருடைய வாயால் கேட்கிற ஆசைதான்.

"சோக்காய் இருக்குது ரீச்சர்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "முப்பது வருசமாய் உங்கடை வளவுக்கு வாறன். இண்டைக்குத்தான் ஒரு கதிரையிலை இருக்கிறன்."

சொல்லிவிட்டு எழும்பி மேல் சட்டத்தை உயர்த்தினார். ஏறிக்கொண்டே போனார்.

அவர் குத்திக் கதைக்கிற ஆள் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன், என் கோப்பையில்தான் கொடுத்திருக்கிறேன். கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடிதான் எப்போதும் குடித்தார். பொங்கலுக்கு வேட்டி கொடுத்திருக்கிறேன், முற்றத்தில் நின்றுதான் வாங்கினார். அந்த மத்தியானம் அவருக்காக ஒழுங்கை அதிரச் சண்டை பிடித்தேனே, நானும் தம்பியும் கதிரையில் இருந்தோம். இடுப்பு நோவோடு அவர் முழு நேரமும் வெயிலில் நின்றார். விறாந்தையில் மூன்றாவது கதிரை ஒன்று சும்மா கிடந்தது. இருங்கோ என்று என் வாயில் வரவில்லை. வரவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பேணியை எறிந்த கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே! வெட்கம் கெட்ட சீவன் நான். தம்பியோடு வந்த ஆத்திரமெல்லாம் அந்த நிமிடம் என் பக்கமே திரும்பியது, யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

மேலே குலைகள் வெட்டுப்பட்டு விழத் தொடங்கின. நான் உள்ளே போனேன். விறாந்தைக் கதிரை இல்லை, அறைக்குள் இருக்கிற அப்பாவின் கைபிடி வைத்த கதிரையை இழுத்தேன். பாரம்தான். படியால் இறக்கி முற்றத்தில் ஜம்பு மர நிழலில் வைத்துத் துடைத்தேன். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தேன். பிறகு அந்தக் கதிரைக்குப் பக்கத்தில், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி நின்றேன்.

அவர் ஆறுதலாக இறங்கி வந்தார். பட்டியைக் கழற்றினார். சாமானைத் துடைத்து மடித்து மரத்தோடு சாய்த்து வைத்தார். கையைக் கழுவினார். அப்போதுதான் கதிரையைக் கண்டார். கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இருங்கோ," என்றேன்.

"இருக்கட்டும் ரீச்சர்," என்றார். "இப்பதானே மேலை இருந்திட்டு வாறன்."

என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, நின்றபடியே குடித்தார்.