அவள் விட்டுப்போன வேடம்

பிளஸ் ஒன் படிக்கையில், செவ்வாயும் வியாழனும் கடைசி மணிக்குப் பிறகு எங்கள் பள்ளியில் நாடக வகுப்பு நடந்தது. அதை நடத்தும் ஆசிரியர் பொன்னேரியிலிருந்து ரயிலில் வருவார். புதுவாயலில் இருந்த என் தோழி அந்த இரண்டு நாள்களில் மட்டும் தவறாமல் வருவாள். அதுவும் மதியத்துக்கு மேல்தான். அக்காவைப் போல அவளையும் கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நாடகம் ஒன்றுதான் அவளைப் பள்ளியில் பிடித்துவைத்திருக்கிறது என்பது வகுப்பாசிரியைக்குத் தெரியும். வகுப்புத் தலைவியான நான் வருகைப் பட்டியலை நீட்டும்போது, "மதியம் வந்துட்டா இல்ல? முழு நாளாவே போட்டுடும்மா," என்பார்.

அவ்வாண்டு நாடகம், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பற்றியது. அந்த வேடம் அவளுக்குக் கிடைத்தது. அக்காவின் நீலக் கம்பெனிக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஷிப்ட் முடிந்தவளின் கால்வலியை வெறுமனே நின்றே காட்டினாள். எனக்கு இரண்டு வரி பேசும் பக்கத்து வீட்டுக்காரி வேடம்.

அடுத்த வாரம் பட்டியலை நேரே தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். அவள் வராத காலைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். அதில் பொய் ஏதுமில்லை. பொய் இல்லாததால்தான் துணிந்தேன்.

ஒத்திகைக்கே வந்துவிட்டார் தலைமையாசிரியை. "காலையில வராதவளுக்குச் சாயங்காலம் கூத்து ஒரு கேடா?"

அவள் அழவில்லை. கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "நீதான போடப்போற? கை நீளமா கீது, மடிச்சிக்கோ."

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. நாடகத்தின் கடைசிக் காட்சியில் அந்தப் பெண் கோட்டை வீசிவிட்டு வகுப்புக்குத் திரும்புவாள். வீசினேன். அரங்கமே கைதட்டியது, வகுப்பாசிரியை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு அவள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உடம்பில் அதே நீலத்தில் புதிய கோட்டு.

"இன்னாடி, ஊடு தேடிக்கினு வந்துக்கிற?" பையைப் பிரித்துப் பார்த்தாள். "இஸ்திரிலாம் போட்டுக்கினு! அக்காவுக்கும் வேற குடுத்துட்டாங்க. நீயே வச்சிக்கோ. அடுத்த வருசமும் படிப்பப் பத்தி நாடகம் போடுவீங்க இல்ல?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கோட்டோடு பஸ் ஏறினேன்.

அடுத்த ஆண்டும் அதே நாடகம், அதே வேடம். கையை மடிக்க வேண்டியிருக்கவில்லை, நான் வளர்ந்திருந்தேன்.