நாற்பத்து மூன்று தப்படி

என் தங்கை கதவைத் திறந்து பதினொரு குழந்தைகளை வெளியே விடுகிறாள். கதவிலிருந்து விளையாட்டுத் திடல் நாற்பத்து மூன்று தப்படி, நடந்து அளந்திருக்கிறேன். போய்ச் சேர அவர்களுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். வழியில் நத்தை வந்துவிட்டால் அன்று திடல் கிடையாது.

அவள் மழலையர் காப்பகம் நடத்துகிறாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய ஒரே ஆள். ஆனாலும் பிள்ளைகள் எதைக் கேட்டாலும், "எனக்கெப்படித் தெரியும்? அதையே கேளு" என்பாள். அவர்களும் கேட்பார்கள். போன வாரம் ஒரு மண்புழுவிடம், "உனக்கு முன்பக்கம் எது?" என்று அரை மணி நேரம் விசாரணை. புழு நகர்ந்தது. "அந்தப் பக்கந்தான்!" என்று தீர்ப்பாயிற்று. உடனே அது பின்னால் நகர, வாலு என்று நாங்கள் கூப்பிடும் சிறுமி, "பொய் சொல்லுது மிஸ்!" என்று ஓவென்று அழுதாள்.

"விடுடா தங்கம், அதுக்கே குழப்பம் போல" என்றாள் என் தங்கை.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் மாதக் கடைசியில் காப்பகத்துக்குப் பூட்டு. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட வந்த நான் கெஞ்சினேன்: "இன்னிக்கு ஒரு நாளாவது உள்ள உக்கார வெச்சு பாட்டுச் சொல்லிக் குடும்மா."

"சரிண்ணா" என்றாள். சொன்ன சொல் தவறாதவள். பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரியில் ஜன்னல் வழியாக எறும்புச் சாரை வந்தது.

பதினொரு பேரும் மண்டியிட்டுப் பின்தொடர்ந்தார்கள். பன்னிரண்டாவதாக என் தங்கை. சாரை அறையைக் கடந்து ஆய்வாளர் உட்கார்ந்திருந்த மேசைக்கு அடியில் போயிற்று.

"சார், காலைத் தூக்குங்க" என்றது கீழேயிருந்து வாலுவின் குரல். அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

"பாடத்திட்டம் எங்கம்மா?"

"இப்ப உங்க பை மேல ஏறுது சார்."

வாலு பைக்குள் கையை விட்டு, பிரித்த கிரீம் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். "இங்கதான் போகுது மிஸ்! கண்டுபிடிச்சாச்சு!"

ஆய்வாளரின் முகம் சுண்டைக்காயாய்ச் சுருங்கியது. "சர்க்கரை இருக்குன்னு டாக்டர் கூடாதுன்னுட்டார். வீட்ல யாருக்கும் சொல்லிடாதீங்க."

அவசரமாகப் படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். எனக்கு மூச்சு வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்துக்குள், பிஸ்கட் துகள் ஒன்றைச் சுமந்தபடி ஓர் எறும்பு நின்றிருந்தது. அதைச் சுண்டிவிட அவர் விரலை மடக்கினார்.

என் தங்கை அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். "அவசரப்படாதீங்க சார், அது போகட்டும்." எறும்பு காகிதத்தின் ஓரம் வந்து இறங்கும்வரை பிடியை விடவில்லை.