மேல்காட்டில் கிழங்கு பிடுங்கியது

பக்குவமான மண்ணில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிச் செடியைப் பிடித்து இழுத்தால், மண் வேரை விடும்போது 'பொதுக்' என்று ஒரு சத்தம் வரும். கூடவே புதுமழை பெய்தது போல ஒரு மணமும் எழும். புதுச்சத்திரம் பக்கம் எங்கள் மேல்காட்டில் அந்தச் சத்தத்தை வரிசையாக எழுப்ப அன்றைக்கு என்னை விட்டால் ஆளில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் மீசை முளைக்கும் முன்பே 'ஒரே இழுப்பு' என்று பேர் வாங்கியவன்.

கோடைதோறும் ஆட்டுப்பட்டி போட்டு, புழுக்கை ஊறிய மண் அது. நாங்கள் 'உப்பு' என்று சொல்லும் யூரியா மூட்டையில் வந்து, இலை கருகருவென்று எழுந்ததும், "இனி பட்டி எதுக்கு?" என்று அப்பா நிறுத்திவிட்டார். சில வருசம் விளைச்சல் அமோகம்தான். பிறகு ஒரு தை மாதம், சவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு ஏற்ற லாரி வந்து நிற்க, நான் டவுசரை இறுக்கிக்கொண்டு இழுத்தேன். குச்சி மட்டும் முறிந்து வர, மல்லாந்து விழுந்தேன். கிழங்கோ காரை போட்டது போல இறுகிய மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

"ஏஞ்சாமி, லாரி நெறையா வெறகா ஏத்தி உடறது?" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடப்பாரையால் நெம்பியதில் வெட்டுப்பட்ட கிழங்கில் பாதியை ஆலைக்காரர் திருப்பியனுப்பினார். அந்த வருசமே நான் போர்வெல் போடும் ரிக் லாரியில் வேலைக்கு ஏறிவிட்டேன்.

ஊர் ஊராகத் துளை போட்டு, சொந்த ரிக் வாங்கி, நாலு பேருக்கு வேலை கொடுக்கும் ஆளாகித் திரும்பி வந்தும் மேல்காடு அப்படியே இறுகித்தான் கிடந்தது. மண் பரிசோதித்த அலுவலர் விளக்கினார். உப்பு விஷமில்லையாம், ஆனால் குப்பை எரு சேர்க்காமல் அதை மட்டுமே போட்டுவந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் பழைய மக்கிய எருவையே தின்று தீர்த்துவிடுமாம், அதிலிருந்த கரிமம் காற்றோடு போக, மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும் பசையும் போய்விடுமாம். "அதுகளுக்கும் சோறு போடோணுமுங்க" என்றார். ஆயிரம் அடி ஆழம் பார்த்த எனக்கு மேலே ஒரு சாண் மண் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வந்தது.

உப்பைப் பாதியாகக் குறைத்து, கோழிப்பண்ணை எருவை மக்கவைத்து வருசம் தவறாமல் கொட்டினேன். போன தையில், இந்த வயதில் எதற்கு என்று ஆட்கள் தடுக்கத் தடுக்க நானே குனிந்து இழுத்தேன். 'பொதுக்.' கொத்தாகக் கிழங்கு வந்த வேகத்தில் மறுபடியும் மல்லாந்தேன்.

பட்டி போட வந்த ஆட்டுக்காரர்கள் இப்போது இந்தப் பக்கமே வருவதில்லை; பார்க்க அப்பாவும் இல்லை. இளம்பிள்ளை ஊரில் இருக்கும் அக்காவுக்குத்தான் போன் போட்டு, விழுந்துவிட்டேன் என்றேன்.

"அடி கிடி பட்டுச்சா?" என்று அவள் கேட்கவில்லை.

"கெழங்கோட உளுந்தியா, குச்சியோட உளுந்தியா?" என்றாள்.